பேர் எழுதிய டிரம்

வாங்க, கிட்ட வந்து உக்காருங்க. அடுப்பைக் குறைச்சு வச்சிட்டு வந்தாப் போதும், அணைக்க வேண்டாம். கால் வலிக்குதுன்னா நீட்டிக்கங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். இன்னைக்கு ஒரு புருசன் பொண்டாட்டி கதை சொல்லப்போறேன். நடுவில் கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பொறுத்துக்கங்க, விட்டுட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க.

ஜூடு என்று ஒருத்தன். மேலூர்ப் பக்கம் ஒரு குவாரியில் கல் உடைத்தவன். ஒரு நாள் மேலேயிருந்து பாறை சரிந்தது. வலது கால் தொடையோடு போயிற்று. இடது காலைக் காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கணுக்காலில் தகடு வைத்து முடுக்கியதில் அது கட்டை மாதிரி நிற்குமே தவிர மடங்காது. இலவச மருத்துவ முகாமில் கொடுத்த செயற்கைக் காலை மாட்டினால் தொடை புண்ணாகிவிடும். அது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

அவன் பொண்டாட்டி பெர்சி தையல் தெரிந்தவள். ஆனையூரில் தையலுக்கு ஆள் வரும் என்று அங்கே ஒரே அறை உள்ள வீட்டுக்குக் குடி வந்தார்கள். ஒரு பக்கம் அவன் கட்டில், எதிரே அவள் மிஷின். மோட்டார் கிடையாது, காலால் மிதிக்கிற மிஷின்.

கால்தான் போயிற்று, கை ரெண்டும் அப்படியே இருந்தன. அதுதான் அவனுக்குத் தொந்தரவு. பொழுது விடிந்தால் சம்மட்டி பிடித்த கை. சும்மா இருக்கச் சொன்னால் இருக்குமா? கட்டில் சட்டத்தைத் தட்டும், சுவரைத் தட்டும், சாப்பிட்ட தட்டைத் தட்டும். வாய் மட்டும் பேசாது. வெளியே யாராவது கூப்பிட்டால் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொள்வான். பெர்சி பயந்துபோய்த் தன் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். எதையாவது பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று.

அதில்தான் அவன் சூரியபிரகாஷைப் பார்த்தான். சென்னையில் பெரிய மேடைகளில் வாசிக்கிற டிரம்மர். கச்சேரி முடிந்த கையோடு வீடியோவைப் போட்டுவிடுவார். பெரும்பாலும் அவர் கையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிற வீடியோ. ஜூடு ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்த்தான். வேகத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கலாம் என்று அவனாகவே கண்டுபிடித்தான்.

"பெர்சி, இங்க வா. இவரு தோள் அசையுதா பாரு. அசையல. எல்லாம் மணிக்கட்டுலயே முடிச்சிர்றாரு. நாங்க இம்புட்டு நாளும் தோள்பட்டையில இருந்துல்ல அடிச்சோம்."

"அது பாறைங்க. இது தோலு."

"எதுவா இருந்தா என்ன, அடி அடிதான்."

கொய்யாக் கம்பு ரெண்டைச் சீவிக் குச்சி செய்தான். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, பழைய டியூப் ரப்பரை அதன்மேல் இழுத்துக் கட்டினான். ஒரு பிளாஸ்டிக் தொட்டி. ஜன்னல் கம்பியில் ஓர் எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டான். அன்றிலிருந்து அந்த அறைக்குள் ரெண்டு சத்தம்: அவன் வாளி, அவள் மிஷின்.

"ஏங்க, பக்கத்து வீட்டுல வந்து சண்டை போடப் போறாக."

"உன் மிஷின் சத்தத்துக்கே இன்னும் வரல."

மிஷினில் நூல் அறுந்தால் பெர்சி நிறுத்துவாள். அவன் வாசிப்பை நிறுத்திவிடவும் மாட்டான், மேலே போகவும் மாட்டான். வாளி விளிம்பில் சின்னதாக டிக், டிக் என்று தட்டிக்கொண்டே கேட்பான்: "நூல் அறுந்துருச்சா?" அவள் ஊசியில் நூல் கோத்து மறுபடி மிதிக்க ஆரம்பித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவான். இதை ரெண்டு பேரும் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததே இல்லை.

ஒரு நாள் பெர்சி வீடியோவை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "முன்னால தரையில இம்புட்டுப் பெருசா ஒண்ணு நிக்குதே, அதை ஏன் அவரு அடிக்கல?"

"அதுலதான் அவரு பேரை எழுதியிருக்கே. விளம்பரத்துக்கு வச்சிருக்காங்க."

"கல்யாண வீட்டு பிளெக்ஸ் மாதிரியா?"

"ஆமா. பாக்குறவன் பேரைத் தெரிஞ்சிக்கணும்ல."

சரிதான் என்று அவளும் போய்த் தைத்தாள்.

சின்னான் என்கிற ஆட்டோக்காரன்தான் பெர்சி தைத்து முடித்த துணிகளைக் கடைக்குக் கொண்டுபோகிறவன். அவன் ஒரு நாள் வந்து சொன்னான். "அண்ணே, உங்க மாதா கோயில்ல புதுசா டிரம் செட்டு வந்து எறங்கியிருக்கு. யாரோ வெளிநாட்டுல இருந்து வாங்கிக் குடுத்ததாம். வாசிக்க ஆளில்லாம பெட்ஷீட்டப் போட்டு மூடி வச்சிருக்காக. உங்க ஆரோக்கியநாதன் சார் கிட்டச் சொல்லிட்டேன், எங்க தெருவுல ஒருத்தர் வாளியிலயே வாசிக்கிறாருன்னு."

"உன்னை யார்றா சொல்லச் சொன்னது?"

"சொன்னது சொன்னதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியக் கொண்டாரேன்."

ஆரோக்கியநாதன் பாடகர் குழுவுக்குத் தலைவர், கீபோர்டு வாசிக்கிறவர். கால் போனபிறகு ஜூடு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போனதில்லை. கோயிலுக்குக்கூட இல்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை தானே முகம் மழித்துக்கொண்டான்; வெள்ளைச் சட்டையைக் கேட்டான். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பெர்சிக்குத் தெரியும். இது கிடைத்தால் ஆள்களுக்கு நடுவில் அவனுக்கென்று ஓர் இடம், அந்தக் கைகளுக்கு ஒரு வேலை. கிடைக்காவிட்டால் திரும்பக் கட்டில்தான், போர்வைதான்.

பெர்சியும் கூடப் போனாள். கோயிலில் அவன் ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்துவிட்டு டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தான். வாசித்தான். பாட வந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"கை சுத்தமா இருக்கு தம்பி," என்றார் ஆரோக்கியநாதன். "யார்கிட்டக் கத்துக்கிட்ட?"

"போன்லண்ணே."

"பரவாயில்லையே. ஆனா கிக்கை ஏன் விட்டுட்டு வாசிக்கிற?"

"அது என்னண்ணே?"

அவர் குனிந்து, முன்னால் தரையில் நின்ற பெரிய டிரம்முக்குப் பின்புறம் இருந்த மிதிகட்டையைக் காட்டினார். கையாலேயே அதை ஓர் அழுத்து அழுத்தினார். தும் என்று ஒரு சத்தம், காதுக்கு வராமல் நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் வந்தது.

"இது கால் வேலை. முன்னாடி இருந்து படம் பிடிச்சா டிரம் மறைச்சிரும், தெரியாது."

"அப்ப அது விளம்பரம் இல்லையா," என்றான் ஜூடு.

ஒரு பையன் சிரித்துவிட்டான். அடுத்த நிமிஷம் அந்தப் பையன் கண் ஜூடு மடித்துக் குத்தியிருந்த பேண்ட்டின் மேல் விழுந்தது. சட்டென்று பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஜூடு இடது காலை இழுத்து மிதிகட்டைமேல் வைத்துப் பார்த்தான். மடங்காத கால் எப்படி மிதிக்கும்? ஆரோக்கியநாதன் நல்ல மனுசன். "கை மட்டும் போதும் தம்பி, நம்ம கோயிலுக்கு இதுவே அதிகம்," என்றார்.

"போதாதுண்ணே. எனக்கே கேக்குது. தகரத்துல மழை பேஞ்ச மாதிரி மேலயே நிக்குது. ஆனா வீட்டுல வாசிச்சா இப்படி இருக்காதுண்ணே. நெறஞ்சு இருக்கும்." அது ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை. குச்சிகளைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்தான்.

திரும்பும்போது ஆட்டோவில் பெர்சி ஜூடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். சின்னானுக்குப் பாட்டில்லாமல் வண்டி ஓட்ட ஆகாது. "உங்க ஆளு கச்சேரியவே போடுறேன்ணே," என்று சூரியபிரகாஷ் வாசித்த ஒன்றைத் தட்டிவிட்டான். பின்சீட்டுக்கு அடியில் கூடை பெரிசுக்கு ஸ்பீக்கர் வைத்திருந்தான். போனில் எத்தனையோ நாள் பார்த்த அதே வீடியோ. ஆனால் போன் கொடுக்காத ஒன்று இப்போது சீட்டுக்கு அடியிலிருந்து ஏறி வந்தது. தும்... தும் தும்... ஜூடு கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை நாளும் பாதியைத்தான் படித்திருக்கிறோம் என்று தெரிந்துபோயிற்று.

கண்ணைத் திறந்து குனிந்தவன் அப்படியே இருந்தான். பெர்சி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் வலது பாதம் ஆட்டோ தரையில் மிதித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் தும் என்கிற இடத்தில் அதுவும் தும்.

"பெர்சி, உன் காலு."

செருப்பு இடிக்கிறதோ என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். "என்னங்க?"

"வீட்டுலயும் இப்படித்தான் மிதிப்பியா? நான் வாசிக்கிறப்ப?"

"ஆமா. உங்க அடிக்குத் தக்கன மிதிச்சாத்தான் தையல் நேரா ஓடுது. இல்லாட்டி வளைஞ்சு போவுது." அது என்ன பெரிய சங்கதி என்பது போலச் சொன்னாள்.

வீட்டில் ஏன் நிறைந்து இருந்தது என்று அவனுக்கு அப்போது விளங்கியது. அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம் சொன்னான். "அந்த மிதிகட்டையை நீ மிதிச்சா என்ன?"

"கோயில்லயா? நானா? மிஷின்னா குனிஞ்ச தலை நிமிராம துணியப் பாத்துக்கிட்டு இருப்பேன். அங்க ஊரே நம்மளைப் பாக்கும். புருசனுக்கு முட்டுக் குடுக்க இவ வந்து உக்காந்திருக்கான்னு பேசும். என்னால ஆகாதுங்க."

அவன் வற்புறுத்தவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபின் குச்சியைத் தொடவும் இல்லை. அடுத்தடுத்த நாள்களில் அறைக்குள் மிஷின் சத்தம் மட்டும்தான். பெர்சிக்குத் தையல் கோணிக்கொண்டு போயிற்று. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். கட்டிலில் போர்வை இழுபடுகிற சத்தம் கேட்டது. யாரும் வாசலில் கூப்பிடாதபோதே அவன் காலை மூடிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"சின்னானை நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றாள்.

மறுநாள் கோயிலில், "ஒரு டிரம் செட்டுக்கு ரெண்டு பேரா?" என்று ஆரோக்கியநாதன் நெற்றியைத் தடவினார்.

"பேண்டு செட்டுல பெரிய டிரம்மை ஒருத்தரு, சின்ன டிரம்மை ஒருத்தருதானே சார் அடிக்கிறாக," என்றாள் பெர்சி. அவருக்கு மறுக்கத் தோன்றவில்லை. வலது பக்கம் நின்ற டிரம்மைக் கொஞ்சம் தள்ளிவைத்து ஒரு முக்காலியைப் போட்டார். ஜூடுவின் வலது கால் இருந்திருக்க வேண்டிய இடம் காலியாகத்தானே இருந்தது. அந்த வழியாக அவள் தன் பாதத்தை நீட்டி மிதிகட்டைமேல் வைத்தாள்.

கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற நாள், சாயங்காலத் திருப்பலி. கோயில் நிறைய ஜனம். காணிக்கைப் பாட்டு, நிதானமான பாட்டு. கைக்கும் காலுக்கும் இடைவெளியில்லாமல் நன்றாகத்தான் ஆரம்பித்தது. ரெண்டாவது சரணத்தில் பெர்சி தலையை நிமிர்த்திவிட்டாள். அத்தனை முகம். அத்தனை கண்ணும் தன் பாதத்தையே பார்க்கிற மாதிரி இருந்தது. கால் நின்றுவிட்டது.

ஆரோக்கியநாதன் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். ஜூடு திரும்பவில்லை. டிரம்மின் விளிம்பில் சின்னதாக டிக், டிக் என்று தட்டிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நூல் அறுந்துருச்சா?"

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"கோத்துட்டேன்," என்றாள்.

தும் என்று அது வந்தது. விட்ட இடத்திலிருந்து பாட்டு போயிற்று. தடுமாறினதே பாதிப் பேருக்குத் தெரியாது. பூசை முடிந்து கூட்டம் கலைகிறபோது ஜூடு ஊன்றுகோலைக் கேட்கவில்லை. வருகிறவர் போகிறவரோடு பேசிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். காலை மூட அவன் கை எதையும் தேடவில்லை.

அம்புட்டுத்தான் கதை, கண்ணுகளா. போய் அடுப்பைப் பாருங்க. உங்கள் வீட்டு அடுப்பு எரியட்டும், பானை நிறையட்டும். நூல் என்றால் அறுந்துபோகத்தான் செய்யும். அறுந்த நேரத்தில் கோபப்படாமல், விட்டுவிட்டும் போகாமல், கோத்து முடிக்கிற வரைக்கும் விளிம்பில் தட்டிக்கொண்டு காத்திருக்க உங்கள் வீட்டிலும் ஓர் ஆள் எப்போதும் இருக்கட்டும்.