தப்ரேஸின் வலது கை

தப்ரேஸ் விடுமுறைக்கு வந்து காலடிப்பேட்டை வீட்டு வாசலில் பெட்டியோடு நின்றபோது, மகள் ரூஹி அவனைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அவள் பிறந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தான். சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் ஃபிட்டர் வேலை. போனில் வருகிற முகம் இவ்வளவு பெரிய ஆளாக வந்து நிற்கும் என்று குழந்தைக்குத் தெரியவில்லை.

விடுமுறை பாதி கழிவதற்குள் எல்லாம் தலைகீழானது. மதியம் தூங்குவதற்கு அத்தாவின் வலது ஆள்காட்டி விரல் வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் கண்ணை மூடுவாள். அவன் மெல்ல உருவினால் விழித்துக்கொள்வாள்.

"நான் போய்ட்டா இன்னா பண்ணுவா இவ?" என்றான் தப்ரேஸ், கை மரத்துப்போய்.

அவன் மனைவி தாஹிரா, சோப்பும் மெழுகுவத்தியும் செய்கிறவர்களுக்கு அச்சு செய்து விற்பவள். சமையலறையை ஒட்டிய சின்ன அறைதான் அவளுடைய பட்டறை. அவன் கேட்டதும் சட்டென்று சொன்னாள்: "உன் கைய வச்சிட்டுப் போ, மச்சான்."

"வெட்டியா வச்சிட்டுப் போறது?"

"அச்சு எடுத்துக்கறேன். வார்த்தா அப்டியே வரும்."

பிளாஸ்டரைக் கையின்மேல் நேராகப் பூசினால் இறுகும்போது சூடேறி வெந்துவிடும். அதனால் பல் மருத்துவர்கள் வாயில் அச்சு எடுக்கும் பவுடரை வாங்கிவந்தாள். தண்ணீரில் கூழாகக் கரைத்து, பழைய பெயிண்ட் வாளியில் ஊற்றி, அவன் கையை உள்ளே விடச் சொன்னாள். விரல் ஆடாமல் இருக்க மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கூழ் சீக்கிரமே ரப்பர் போல இறுகிவிட்டது.

"ஆச்சா?"

"இரு," என்றாள். அது இறுகி வெகுநேரம் ஆகியிருந்தது. அவன் நாடி அவள் விரலடியில் துடித்துக்கொண்டிருந்தது. விட மனம் வரவில்லை.

அவன் கையை உருவியதும், அது விட்ட குழிக்குள் முதலில் பிளாஸ்டரை ஊற்றினாள். நகக்கண் வரைக்கும் அச்சு அசலாக வந்தது. ஆனால் ரூஹி தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. மேசையிலிருந்து உருண்டு விழுந்து ஆள்காட்டி விரலும் ஒடிந்தது.

"பொணத்துக் கையாட்டம் கீது," என்று சிரித்தான் தப்ரேஸ்.

"அப்டி சொல்லாத நீ." தாஹிராவின் குரல் உடைந்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

ரெசின் வேண்டாம் என்று முடிவு செய்தாள். அதுவும் கல்லாகத்தான் இருக்கும், வாடை வேறு. அவள் வழக்கமாக அச்சுக்கு வாங்கும் சிலிகானும் செருப்பு போல விறைப்பு. பாரிமுனைக் கடையில் இருந்த எல்லா மாதிரிகளையும் அழுத்திப் பார்த்து, தோலைப்போல அமுங்குகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அதிலும் சீக்கிரம் உறைகிற ரகம். தாமதமானால் பவுடர் அச்சு காய்ந்து சுருங்கி, அவன் கை சிறுத்துவிடும். மறுபடியும் வாளி, மறுபடியும் மணிக்கட்டு. இந்த முறை அவனும் "ஆச்சா" என்று கேட்கவில்லை.

டீ நிறத்தில் ஒரு கை வந்தது. அழுத்தினால் அமுங்கியது, பிடித்திருந்தால் சூடேறியது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, கப்பலுக்குத் திரும்ப அவன் விமானம் ஏறினான்.

மறுநாள் மதியம் தாஹிரா அந்தக் கையை ரூஹியின் பக்கத்தில் வைத்தாள். குழந்தை விரலைப் பிடித்தாள். முகர்ந்து பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு கையைத் தூரத் தள்ளிவிட்டு, "அத்தா" என்று ஓங்கி அழுதாள்.

சில நாட்கள் அழுதாள். அப்புறம் விரல் இல்லாமலே தூங்கப் பழகிக்கொண்டாள். அழுததைவிட அதுதான் தாஹிராவை அதிகம் வாட்டியது. குழந்தையால் அவ்வளவு சுலபமாக முடிந்தது அவளால் முடியவில்லை. கையை அலமாரியில் வைத்தாள். போகவர அதைப் பார்ப்பாள், பார்க்காததுபோல வேலையைத் தொடர்வாள்.

எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களிலிருந்து பறந்துவரும் சாம்பல் அதன்மேலும் படிந்தது. ஒருநாள் காலை சோப்புத் தண்ணீரில் கழுவும்போதுதான் கவனித்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டியிலும் ரேகைகள் கோலம்போட்டதுபோலத் தெளிவாக இருந்தன. நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தன. வார்ப்பில் பிசகோ என்று ஒடிந்த பிளாஸ்டர் கையை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும், பிடித்திருந்தும், அவள் கண்ணில் படாமல் போயிருக்கிறது.

அன்று அவன் போனில் கூப்பிட்டதும் கேட்டாள்.

"ரெண்டு விரல்ல ரேகையே இல்ல. இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பழசு."

"மச்சான்."

அவன் இன்ஜின் இரைச்சலிலிருந்து தள்ளி வந்தான்.

"ரூஹி பொறந்த அன்னிக்கு நீ போட்டோ அனுப்புன இல்ல? வைஃபை கெடைக்கிற படிக்கட்டாண்ட ஓடியாந்தேன். போனைத் தொடணுமேன்னு கிளவுஸக் கழட்டினேன். போட்டோவப் பாத்துகினே கீறேன், கப்பல் ஒரு ஆட்டு ஆடிச்சு. விழாம இருக்க கைய நீட்டினேன். அது நீராவிப் பைப்பு."

"ஏன் சொல்லல?"

"நீ அங்க புள்ள பெத்துட்டு தனியாக் கெடக்குற. உங்கிட்ட இதப் போய் சொல்வேனா?"

'சாப்டியா, தூங்கினியா, பாப்பா இன்னா பண்றா' என்பதற்கு மேல் அவர்கள் போனில் எதுவும் பேசிக்கொண்டதில்லை என்று தாஹிராவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் பகல் எப்படிப் போகிறது, யாரோடு சாப்பிடுகிறான், எதற்குப் பயப்படுகிறான், ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"வலிச்சுதா?"

"வலிச்சுது. அதுக்கும் மேல, கட்டுப் போட்ட கையால போட்டோவப் பெருசு பண்ணிப் பாக்க முடியலயேன்னு பேஜாராப் பூட்ச்சு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். ரூஹி ஓடிவந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள். அவளை மடியில் இருத்திக்கொண்டு தாஹிரா சொன்னாள்: "இன்னிக்கு இன்னா வேல பண்ணேன்னு சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

"புரியலன்னா கேக்கறேன். சொல்லு."

காலையில் ஒரு பம்ப்பைக் கழற்றியதிலிருந்து அவன் தொடங்கினான். போன் சிக்னல் எட்டாத தூரத்துக்குக் கப்பல் போகும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.