மணக்குதா?

மெழுகுவர்த்திகளின் நடுவில் மறுபடியும் குழி விழுந்திருந்தது. ஹில்டா சமையலறை மேசையின் மேல் குனிந்து, கண்ணாடி ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காலையில் ஊற்றும்போது சோயா மெழுகு ஆடை படியாத பால் மாதிரி வழவழவென்றுதான் இருந்தது. மதியம் மழை பிடித்து, சிம்பாங் பூலாய் மலைகள் கண்ணுக்குத் தெரியாமல் போய், ஈரக்காற்று வீட்டுக்குள் நுழைந்ததும் திரியைச் சுற்றிக் குழிந்துவிட்டது. சில ஜாடிகளில் மெழுகு கண்ணாடியை விட்டு விலகி, உள்ளே தண்ணீர் போனது போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. சிலவற்றில் மேலே வெள்ளை பூத்திருந்தது, முகத்தில் தேமல் படர்வது போல.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். கேஸ் அடுப்பின் திருகைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. குப்பைக்கூடையைத் திறந்து, காலையில் மாற்றிய பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டு, புதுப்பை போட்டாள். கையைக் கழுவினாள். திரும்பி வந்து ஜாடிகளைப் பார்த்தபோது குழிகள் அப்படியேதான் இருந்தன.

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். மெழுகைச் சூடு அதிகமாக இருக்கும்போதே ஊற்றியிருக்கிறாள். ஜாடிகள் குளிர்ந்து கிடந்திருக்கின்றன. மேலே காற்றாடி வேறு. அவ்வளவுதான். ஷாமினியின் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆயர் தாவார் மண்டபத்தில் விருந்து, மேசைக்கு ஒரு மல்லிகை மெழுகுவர்த்தி. ஷாமினி, ஹில்டா வேலை செய்யும் பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் பெண். "கடையில வாங்குனதா இருக்கக் கூடாதுக்கா, ஒங்க கையால செஞ்சி குடுங்க" என்று கேட்டிருந்தாள். ஹில்டா ஜன்னல்களை அடைத்தாள். காற்றாடியை நிறுத்தினாள். ஜாடிகளில் இருந்ததை வழித்தெடுத்து மறுபடி உருக்கினாள். வெறும் ஜாடிகளைச் சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றி வரிசையாக அடுக்கினாள். ஏற்கெனவே சேர்த்த வாசனை உருக்கியதில் போயிருக்குமோ என்று பயந்து, போத்தலைத் திறந்து இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கை வலிக்கும்வரை நிதானமாகக் கிண்டினாள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் போத்தல்களில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் எழுத்து அழிந்து போயிருந்தது. உயரமானது மல்லிகை, தோள் சரிந்தது கிராம்பு. அவளுக்கு அப்படித்தான் அடையாளம். மெழுகு நன்றாக ஆறி, விளிம்பில் மங்கத் தொடங்கிய பிறகு மெல்ல ஊற்றி, மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடினாள்.

இந்த வேலை அவளுக்குப் பிடித்ததற்குக் காரணமே, இதில் வரும் குறையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பதுதான். குழி தெரியும், பூப்பது தெரியும், திரியின் நுனியில் காளான் போலக் கரி கட்டினால் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று. அது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கோவிட் வந்த வருசம் ஹில்டாவுக்கு மூக்கு போனது. காய்ச்சல் போய், இருமல் போய், வாசம் மட்டும் திரும்பவில்லை. டாக்டர் வரும் என்றார். மாதாகோயிலில் அவளோடு ஜெபித்தவர்களுக்கெல்லாம் வந்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய்களைக் காலையும் மாலையும் மோந்து பழக்கினால் மூக்கு விழித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்து, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மோந்து பார்த்தாள். தண்ணீரை மோந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. தன் மேல் வாடை வீசுகிறதோ என்று வேலைக்குக் கிளம்புமுன் மறுபடி குளிப்பாள். துவைத்த துணியை மறுபடி துவைப்பாள். யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் ஐஸ்பெட்டியைத் துடைத்து, கழிவறையைத் தேய்த்து, அப்போதும் மனம் கேட்காமல் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பாள். இப்படி ஆரம்பித்ததுதான் மெழுகுவர்த்தி. வீட்டில் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத ஒரு நாற்றத்தை, இருக்கிறதோ இல்லையோ என்று தெரியாத ஒரு வாசனையால் மூடி வைத்தாள்.

மூக்கு இன்னும் திரும்பவில்லை என்பது யாருக்கும் தெரியாது. கணவர் சில்வெஸ்டருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் சில்வெஸ்டர் வேலை விட்டு வந்தார். கல் உடைக்கும் இடத்தில் லோரிகளை எடை போடும் வேலை. சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் நின்றார்.

"எப்படி இருக்கு? மணக்குதா?" என்றாள் ஹில்டா. எப்போதும் கேட்பதுதான். தன் கைவேலைக்கு அவள் பாராட்டுக் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அவர் மூக்கைச் சுளித்து ஒரு கணம் யோசித்தார். போன வாரம் ஏதோ குறை சொல்லப்போய் அவள் ஒரு ஜாடியைத் தொட்டிக்குள் போட்டு உடைத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நல்லாதான் இருக்கு" என்றார். "கொஞ்சம் காட்டம். பரவால்ல."

அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். ஒரு ஜாடியில் கூடக் குழி இல்லை. பூக்கவில்லை. அத்தனையும் மொழுமொழுவென்று, தொட்டால் விரல் வழுக்கும் போல இருந்தன. பல நாட்களுக்குப் பிறகு அவள் உட்கார்ந்து ஒரு கோப்பி முழுதாகக் குடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்ததும் சில்வெஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்படிக்குள் போனார். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவருடையது. கோழிப் பிரட்டல் வெந்ததும் மூடியைத் திறந்து, சட்டியை அப்படியே அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து நீட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுதான். ஆவி முகத்தில் அடித்தது. அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "ம்ம்ம்... மணக்குது" என்றாள். அவர் முகம் மலர்ந்து போனது.

சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்தில் ஷாமினியும் அவள் கட்டிக்கொள்ளப்போகும் ரூபனும் வந்தார்கள். ஷாமினிக்குக் கல்யாணக் களை வந்துவிட்டிருந்தது. முகத்தில் பரு, பேச்சில் அவசரம். ஜாடிகளைப் பார்த்ததும், "ஐயோ அக்கா, அழகா இருக்குலா!" என்று ஒன்றை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ரூபன் பாக்கெட்டிலிருந்து லைட்டரை எடுத்து ஒன்றைக் கொளுத்தினான். சுடர் ஆடாமல் நின்றது. மெழுகு மெல்ல உருகி வட்டமாக விரிந்தது. ஹில்டா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான திரி. சரியான உருக்கம். எந்தக் குறையும் இல்லை.

பேச்சு நின்றிருந்ததை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள்.

"அக்கா... இது மல்லியா?" என்றாள் ஷாமினி.

"ஆமாலா. ஏன்?"

ரூபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ வேலை முடிஞ்சி கார்ல ஏறுனா ஒரு வாசம் வருமே, அதேதான். பல்லு புடுங்குற எடம்!"

ஷாமினி அவனை முறைத்தாள். ஹில்டா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். உயரமான போத்தல், தோள் சரிந்த போத்தல். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: பழைய மல்லிகை தீர்ந்து போய், போன மாதம் புதிதாக வாங்கியது தோள் சரிந்த போத்தலில் வந்திருந்தது. உயரமாக நின்றது, கிறிஸ்மஸுக்கென்று வாங்கி வைத்த கிராம்பு. அடையாளத்தை மாற்ற மறந்திருக்கிறாள்.

"புது மாதிரி கலந்திருப்பா" என்றார் சில்வெஸ்டர், வாசற்படியில் நின்றபடி. "கிராம்பும் மல்லியும். இப்ப அப்படித்தான் செய்றாங்களாம்." மனைவியைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் நினைத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் குரல்.

"இல்லண்ணே, மல்லி துளி கூட இல்ல." ஷாமினிக்குக் கண் கலங்கிவிட்டது. "பரவால்லக்கா, போத்தல் மாறிப்போயிருக்கும். ஆனா ஊத்தும்போது கூடவா ஒங்களுக்குத் தெரியல?"

ஒரு பொய் போதும். சளி பிடித்திருந்தது எனலாம். மாஸ்க் போட்டிருந்தேன் எனலாம். இதற்கு முன் எத்தனையோ முறை சொன்னவைதான், நாக்கு நுனியில் வந்து நின்றன. ஆனால் சில்வெஸ்டர் தனக்காக எடுத்துவிட்ட அந்தக் கோணல் பொய்க்குப் பக்கத்தில் தன்னுடையதையும் கொண்டுபோய் வைக்க அவளால் முடியவில்லை.

"தெரியல ஷாமினி" என்றாள். "எனக்கு ஒரு வாசமும் தெரியாது. கோவிட்ல போனது. வரவே இல்ல."

ஷாமினி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதேதோ சொன்னாள். ரூபன் தலையைக் குனிந்துகொண்டு சுடரை ஊதி அணைத்தான். ஹில்டாவின் காதில் எதுவும் ஏறவில்லை. வாசற்படியில் நின்ற மனிதரை அவள் பார்க்கவில்லை. பார்க்காமலே அவர் அங்கே நிற்பது முதுகெல்லாம் தெரிந்தது. நாளைக்குள் முடியாது, ஆனால் வெள்ளிக்குள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தருகிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பி வைத்தாள்.

கார் போனதும் சில்வெஸ்டர் வாசற்படியை விட்டு உள்ளே வந்தார். அடுப்படிக்குள் போய், மீதமிருந்த பிரட்டல் சட்டியின் மூடியைத் திறந்தார். மூடினார்.

"இன்னிக்கு மத்தியானம்?" என்றார்.

அவள் மேசையில் சிந்தியிருந்த மெழுகைச் சுரண்டினாள்.

"போன வாரம்? அதுக்கு முந்தி? அத்தனையும் பொய்யா?"

"ருசி கொஞ்சம் தெரியுது. உப்பு, காரம் தெரியும்."

"நம்ம மக ட்ரேசிக்குப் புள்ள பொறந்தப்ப ஜொகூருக்குப் போனோமே. புள்ள தலைய மோந்து பாத்து, கண்ணுல தண்ணி விட்டியே. அது?"

"எல்லாரும் பால் வாசம் பால் வாசம்னாங்க." அவள் மெழுகு ஒட்டிய விரலைத் தேய்த்தாள். "அதான் அழுதேன்."

அவர் சட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். "எங்கிட்ட சொல்றதுக்கு என்னா சுசா, என்னா கஷ்டம் ஒனக்கு? நான் என்ன அந்நியனா?"

"நீங்கதான் தெனமும் கேட்டீங்க. வந்துச்சா, வந்துச்சான்னு. காலையில கேப்பீங்க, ராத்திரியில கேப்பீங்க. ஒரு நாளு தாங்க முடியாம வந்துருச்சுன்னேன். நீங்க நடுவீட்டுல முட்டி போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னீங்க. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது?"

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்குள் வந்துவிட்டார். எங்கே போனார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த நாட்களில் வீட்டில் பேச்சு, தேவைக்கு மட்டும் நடந்தது. சாப்பாடு, சாவி, மழை. ஹில்டா கிளினிக்கில் கவுண்டருக்கும் மருந்து அலமாரிக்கும் இடையே காரணமில்லாமல் நடந்தாள். வீட்டுக்கு வந்தால் துடைத்த மேசையைத் துடைத்தாள். புது மெழுகு வாங்கி வைத்தாயிற்று. போத்தல்களைத்தான் தொடப் பயமாக இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் சில்வெஸ்டர் குளித்துவிட்டு வந்து, கூப்பிடாமலே மேசையில் உட்கார்ந்தார். எல்லாப் போத்தல்களையும் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து மோந்தார். ஒன்றுக்குத் தும்மினார். ஒன்றை இரண்டு முறை மோந்தார். கடைசியில் தோள் சரிந்த போத்தலை அவள் பக்கம் தள்ளினார்.

"இதான் மல்லி."

"நெசமாவா?"

கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் பொய் சொல்லலை ஹில்டா" என்றார்.

அவள் மெழுகை உருக்கினாள். அவர் எழுந்து போகவில்லை. ஜாடிகளைச் சூடாக்கி அவள் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஜன்னல்கள் அடைத்திருந்ததால் இருவருக்கும் முகமெல்லாம் வியர்த்து வழிந்தது.

கல்யாணத்தன்று காலையில் ஜாடிகளைப் பழைய துண்டுகளில் சுற்றிக் காரின் பின் இருக்கையில் அடுக்கிக்கொண்டு ஆயர் தாவாருக்குக் கிளம்பினார்கள். வெயில் ஏறினால் மெழுகு இளகி எண்ணெய் கசியும் என்று அவள் பத்து தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பாள். காரில் ஏர்கோன் சரியாக வேலை செய்யவில்லை. ஜன்னல்களை இறக்கியிருந்தார்கள். செரி இஸ்கந்தார் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் செம்பனைத் தோட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. அவள் புடவை மடிப்பைப் பிரித்துச் சேர்த்தாள். கைப்பையைத் திறந்து மூடினாள். இன்னும் அவர் முழுதாகப் பேசவில்லை. ஆனால் நேற்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. திடீர் திடீரென்று, கேட்காமலே சொன்னார்.

"யாரோ குப்பை கொளுத்துறாங்க."

கொஞ்ச தூரம் போய், "இப்ப மழை பேஞ்ச மண்ணு."

அவர் குரலில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. எடை போடும் இடத்தில் லோரி எண்ணைச் சத்தமாக வாசிப்பது போல இருந்தது. அவளுக்கு எரிச்சலாக வந்தது. நிறுத்தச் சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டாள். அதன் பிறகு அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். மரங்களுக்கு மேலே செம்பனை எண்ணெய் ஆலையின் புகைக்குழாய் தெரிந்தது. வெள்ளைப் புகை நேராக எழும்பி, காற்றில் சாய்ந்து, சாலையைக் கடந்து போனது.

"இப்ப?" என்றாள்.

சில்வெஸ்டருக்குக் கண்ணில் நீர் கோத்திருந்தது. ஜன்னலை ஏற்றும் பொத்தானில் விரல் இருந்தது, அழுத்தவில்லை. "மோசம்லா" என்றார். "எப்படிச் சொல்றது... இரு, யோசிக்கிறேன்."

அவர்களுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவன் ஒரு கையால் பனியனை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். பின்னால் இருந்த பெண்ணுக்கு இழுத்து மூட எதுவும் இல்லை. அவள் அவன் இடுப்பை இறுகக் கட்டி, முகத்தை அவன் முதுகில் புதைத்துக்கொண்டாள். புகை அவர்கள் மேல் இறங்கியது. ஆலை பின்னால் போய் மரங்களுக்குள் மறைந்த பிறகும் அந்தப் பெண் முகத்தை எடுக்கவில்லை.