தேயாத இரண்டு விரற்கடை

ஏப்ரல் 21, ஞாயிறு, காலை 7.10. ஒரு சிறு தவறு. நூற்றிருபதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்திருக்க வேண்டும், எண்பதை எடுத்துவிட்டேன். ரப்பர் தேய்ந்தது போல இல்லை, பூனை பிறாண்டியது போல இருக்கிறது. பின் டயர் இரு ஓரமும் முடிந்தது. முன் டயருக்கு நேரமில்லை.

இதை எழுதி நோட்டை மூடிய லெயார்க்கோ, மறுபடி திறந்து "சிறு" என்ற சொல்லின் மேல் ஒரு கேள்விக்குறி போட்டான்.

அவனுக்கு வயது இருபத்திரண்டு. பகலில் ஃபயென்ஸா ஊரின் கூட்டுறவுப் பழக்கிடங்கில் பீச் பெட்டிகளை எடை போடுவான். செவ்வாயும் வியாழனும் மாலையில் ஃபோர்லி போய் நில அளவை படிப்பான். முதல் வரியில் பிழையை எழுது, இரண்டாம் வரியில் அளவை எழுது என்பது அந்த வகுப்பின் விதி. அவன் அதை வாழ்க்கைக்கும் பொருத்திக்கொண்டான். அதனால் அவன் நோட்டில் முதல் வரிகள் நீளமாகவும் இரண்டாம் வரிகள் குட்டையாகவும் இருந்தன.

ஊருக்கு மேலே இருக்கும் மலைகளில் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வருகிறவனின் முகத்தை யாரும் முதலில் பார்ப்பதில்லை, பின் டயரைத்தான் பார்ப்பார்கள். வளைவில் வண்டியை நன்றாகச் சாய்க்கிறவனுக்கு டயர் ஓரம்வரை தேய்ந்திருக்கும். பயப்படுகிறவனுக்கு நடுவில் மட்டும் தேய்ந்து, இரு பக்கமும் ஒரு பட்டை புத்தம் புதிதாகப் பளபளக்கும். அதை விரலால் அளப்பார்கள். லெயார்க்கோவுக்கு இந்தப் பக்கம் இரண்டு விரற்கடை, அந்தப் பக்கம் இரண்டு விரற்கடை, இரண்டு வருடமாக.

"நெலம் அளக்கப் படிக்கிறவன், இவ்ளோ எடத்தைத் தரிசா போட்டு வச்சிருக்கியேடா," என்பான் அவன் நண்பன் லோரிஸ். "பட்டா போட்டு வித்துடு. ரெண்டு வீடு கட்டலாம்."

கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். வேனைத்தான் பொறுக்க முடியவில்லை. மே முதல் ஞாயிறு அவர்கள் கூட்டம் மொத்தமும் முராலியோனே கணவாயைத் தாண்டி டஸ்கனிப் பக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் போகும். யார் வண்டியில் வரலாம், யார் சாப்பாட்டு வேனில் வரவேண்டும் என்று சொல்வது மொரேனா. அவளுக்கு இருபத்து மூன்று வயதுதான். ஆனால் வாரநாட்களில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். "வளைவுல விழுந்தவங்களை அள்ளிப் போடறது எனக்குச் சம்பள வேலை. ஞாயித்துக்கிழமையும் அதையே செய்யச் சொல்லாதீங்க," என்று அவள் சொன்னபிறகு யாரும் வாதாட மாட்டார்கள். போன இரண்டு மே மாதமும் லெயார்க்கோ சுடச்சுட ஒரு லசான்யா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வேன் கண்ணாடி வழியாகத் தன் நண்பர்களின் முதுகுகளைப் பார்த்தபடி கணவாயைக் கடந்தான். இந்த வருடப் பயணத்துக்கு இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது.

அன்று அவன் எல்லோருக்கும் முன்பே தனியாகக் கிளம்பி, யாரும் பார்க்கக்கூடாத வேகத்தில் மலையேறி, முகட்டில் இருக்கும் ஈவோவின் பார் வாசலில் பின் டயர் நன்றாகத் தெரியும்படி வண்டியை நிறுத்திவிட்டு, காப்பியோடு நின்றான்.

லோரிஸ் வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே குனிந்தான். விரலை வைத்தான். நிமிர்ந்தான்.

"ஏய், இது யார் வண்டி?"

"என்னுதுதான்."

"ஓரம் வரைக்கும் தேஞ்சிருக்கு!"

"வாரநாள்ல கொஞ்சம் ஓட்டினேன்," என்றான் லெயார்க்கோ. குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல ஒலித்தது.

"கொஞ்சமா? மாப்ள, ஒரே வாரத்துல ரெண்டு வெரக்கடைய முழுங்கியிருக்க! ஈவோ, இங்க வந்து பாரு, நம்ம அளவைக்காரன் வேலியத் தாண்டிட்டான்!"

ஈவோ கைத்துண்டோடு வந்து பார்த்தார். இன்னும் ஐந்து பேர் கூடினார்கள். கடைசியாக மொரேனா வந்து டயரின் அருகே குந்தினாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, ஒட்டிய கறுப்புத் தூளை இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தாள். முன் டயரையும் ஒரு பார்வை பார்த்தாள். லெயார்க்கோ காலிக் கோப்பையை மறுபடி உறிஞ்சினான்.

"நல்லாத் தேச்சிருக்க," என்றாள் அவள். தேய்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை. "அப்ப இன்னிக்கு நீயே முன்னாடி போ. ஆலைப் பாலம் வரைக்கும். நாங்க பின்னாடி வர்றோம்."

வேகமானவன் முன்னால் போவதுதான் வழக்கம். பின்னால் இருப்பவன் ஆசைப்பட்டு முந்தக்கூடாது என்பதற்காக. லெயார்க்கோ இதை யோசித்திருக்கவில்லை. டயரை மட்டும் யோசித்தான்.

ஆலைப் பாலத்துக்கு இறங்கும் சாலையில் பதினோரு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றின் ஆரமும் அவன் நோட்டில் இருந்தது. எந்த வேகத்துக்கு எத்தனை பாகை சாய வேண்டும் என்றும் அட்டவணை இருந்தது. ஆனால் முதல் வளைவு வந்ததும் அட்டவணை எங்கோ போய்விட்டது. வண்டி உள்பக்கம் சாயச் சாய, அவன் உடம்பு வெளிப்பக்கம் விலகியது, விழப்போகும் அலமாரியிலிருந்து ஒதுங்குகிறவனைப் போல. கைகள் விறைத்தன. கண்கள் முன் சக்கரத்துக்கு நாலடி முன்னால் கிடந்த ஒரு கூழாங்கல்லில் ஒட்டிக்கொண்டன. பின்னால் ஏழு இன்ஜின்கள் முதல் கியரில் முனகின.

நாலாவது வளைவில் உள்பக்கமாக ஏதோ சரசரத்தது. ஒரு சைக்கிள். அதன்மேல் மஞ்சள் பனியன் போட்ட, அறுபத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒருவர். முழங்காலை வெளியே நீட்டி, தலையை வளைவுக்குள் தாழ்த்தி, அவனைத் தாண்டிக்கொண்டே, "ஏ புர்தெல்! நாற்காலிய விட்டு எறங்கு!" என்று கத்திவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் யாரையும் பொடிப்பையன் என்று கூப்பிடும் சொல் அது. எட்டாவது வளைவில் அவருடைய மனைவியும் தாண்டினார். அவர் மணி மட்டும் அடித்தார்.

பாலத்தில் எல்லோரும் வண்டியை நிறுத்தினார்கள். லோரிஸ் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு ஒண்ணும் புரியல. டயர் ஓரத்துக்குப் போயிருக்கு. ஆளு இன்னும் நடுவுலயே உக்காந்திருக்கான்."

வளைவுகளில் தாரைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், வழுக்கியது என்று சொல்லலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். இரண்டையும் மனதில் எழுதிப் பார்த்தான். இரண்டுமே முதல் வரியில் வராது.

"உப்புத்தாள்," என்றான்.

"என்னது?"

"உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். நேத்து சாயங்காலமும் இன்னிக்குக் காலையிலயும். எண்பதாம் நம்பர்."

லோரிஸ் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அவனுக்கு முதலில் சத்தமில்லாமல்தான் வந்தது. "எண்பதாம் நம்பராம்... நம்பர் வேற சொல்றான்! எவ்ளோ நேரம்டா தேச்ச?"

"ஒரு பக்கத்துக்கு நாப்பது நிமிஷம்."

"அந்த எண்பது நிமிஷம் வண்டி ஓட்டியிருந்தா நெஜமாவே தேஞ்சிருக்குமேடா, பாவி!"

இதில் உண்மை இருப்பது லெயார்க்கோவுக்கு அப்போதுதான் உறைத்தது. "எனக்கு வேன்ல வர இஷ்டமில்ல," என்றான், மொரேனாவைப் பார்த்து. "அவ்ளோதான்."

"மேலயே தெரிஞ்சுது," என்றாள் மொரேனா. "ரோடு நீளவாக்குல தேய்க்கும். உன் கோடெல்லாம் குறுக்க ஓடுது. எத்தன வளைவு கழிச்சு நீயே சொல்லுவேன்னு பாக்கத்தான் முன்னாடி விட்டேன். பதினொண்ணு ஆச்சு." அவள் தன் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினாள். "இப்ப என்னோடதைப் பாரு."

அவள் டயரை அளக்க இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை, யாரும் துணிந்ததும் இல்லை. லோரிஸ்தான் குனிந்தான். விரலை வைத்தான். சிரிப்பு நின்றது.

"மொரேனா... ஒரு வெரக்கடை அப்படியே இருக்கு."

"ஆமா."

"நீதான எல்லாரையும் விட வேகம்!"

"அதனாலதான்." அவள் சீட்டில் ஏறி, வண்டியை நேராக நிறுத்தியபடியே, இடுப்பைப் பாதிக்கு மேல் வலப்பக்கம் நகர்த்தி, தோளையும் தலையையும் பக்கக் கண்ணாடிக்கு வெளியே தாழ்த்தினாள். "பாரம் உள்ள எறங்கிடுச்சா? அப்ப வண்டி கம்மியா சாஞ்சாப் போதும். நான் சாயறேன், அது நிக்குது. லோரிஸ் மாவு மூட்டை மாதிரி அசையாம உக்காந்துக்கிட்டு வண்டிய மட்டும் கீழ அமுக்கறான். அவன் டயர் ஓரம் தேயாம வேற என்ன செய்யும்?"

"நான் அதைப் பெருமைன்னுல்ல நெனச்சிருந்தேன்," என்றான் லோரிஸ், தன் டயரைத் திரும்பிப் பார்த்து. இப்போது மற்ற ஐந்து பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

லெயார்க்கோ சிரிக்கவில்லை. அட்டவணை அவன் கண்முன் வந்து நின்றது. ஓட்டுகிறவனையும் வண்டியையும் சேர்த்து ஒரே கம்பாக வைத்துக் கணக்கிட்டிருந்தான். கம்பு இரண்டு. இரண்டும் வேறு வேறு அளவில் சாயலாம். ஒரு கம்பு மற்றொன்றிலிருந்து எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சற்றுமுன் ஒரு சைக்கிள்காரர் பார்த்தார்.

"மேல போகும்போது என் பின்னாடி வா," என்றாள் மொரேனா. "நான் நகரும்போது நகரு. என் டயரைப் பாக்காத, நான் பாக்கற எடத்தைப் பாரு."

முதல் வளைவில் அவன் பிந்திவிட்டான். வளைவுக்குள் நுழைந்தபின் இடுப்பை நகர்த்தியதில் வண்டி திடுக்கிட்டு ஆடியது. இரண்டாவதில் முன்கூட்டியே நகர்ந்தான், ஆனால் விழாமலிருக்க ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்கினான். தொங்குகிறவன் கையால் வண்டி எப்படித் திரும்பும்? மூன்றாவதில் வெளிப்பக்கத் தொடையை டேங்கில் அழுத்திப் பார்த்தான். கைக்கு வேலை குறைந்தது. நாலாவதில் எல்லாம் சரியாக இருந்தது, கியரைத் தவிர.

ஐந்தாவது இடப்பக்கம். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்தான். இடுப்பு உள்பக்கம் நகர்ந்தது. கால்விரல் அடிப்பாகம் மிதிகட்டையில் ஊன்றியது. முழங்கை மடிந்தது. தலை உள்ளே இறங்கியது. கண்கள் வளைவின் மறுமுனையில், மொரேனாவின் முதுகைத் தாண்டித் தெரிந்த ஒரு கஷ்கொட்டை மரத்துக்குப் போயின. பிறகு அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வண்டி திரும்பியது. தட்டைத் தூக்கிக் கொடுத்ததும் வாங்கிக்கொள்ளும் கையைப் போல, அவன் கொடுத்த பாரத்தை வாங்கிக்கொண்டு தானாகத் திரும்பியது. மரம் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவன் வியந்துகொண்டே இருந்ததில் ஆறாவது வளைவு கைவிட்டுப் போயிற்று.

முகட்டில் ஈவோ பியதீனா ரொட்டியைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். மொரேனா கையுறையைக் கழற்றினாள்.

"பதினொண்ணுல எத்தன?" என்றாள்.

"ரெண்டு. அஞ்சும் ஒம்பதும். பத்தாவது பாதி. மத்ததுல லேட்டா நகர்ந்தேன். ஏழாவதுல கீழ பாத்துட்டேன்."

"ஏழாவதுல மட்டும்தானா?"

"எட்டுலயும்."

மொரேனா ரொட்டியைக் கிழித்து, பாலாடைக்கட்டியைத் தடவி, நிதானமாக மென்றாள். லெயார்க்கோ அவள் தாடையையே பார்த்தான்.

"விழறவங்க யாருக்கும் எங்க தப்புன்னு தெரியாது. கேட்டா மணல்னு சொல்வாங்க, நாய்னு சொல்வாங்க. நீ நம்பர் போட்டுச் சொல்ற," என்றாள். "மே அஞ்சாம் தேதி எனக்கு அடுத்து வா. ஆனா அதுவரைக்கும் உனக்கு வகுப்பு இல்லாத சாயங்காலமெல்லாம் எட்டு போடணும். லோரிஸ், நீயும்தான்."

"நானா? நான் எதுக்கு?"

"மூட்டை அவிழணும்ல."

வீட்டுக்கு வந்து லெயார்க்கோ நோட்டைத் திறந்தான். பழைய அட்டவணையின் மேல் ஒரே கோடாக அடித்தான், கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி. பிறகு எழுதினான்:

நாளை, திங்கள். மாலை ஆறு மணி, கிடங்கின் பின்முற்றம். காலிப் பெட்டிகளை ஓரமாக அடுக்கிக்கொள்ளக் காவல்காரரிடம் காலையிலேயே அனுமதி கேட்க வேண்டும். எட்டு, இருபது தடவை. இடுப்பு வளைவுக்கு முன் நகர வேண்டும், வளைவுக்குள் அல்ல.