மரத்தில் சாய்ந்த ஆள்

ஆறு, மலை, வாயில், வயல் எல்லாம் அகப்பட்டுவிட்டன. நம் ஜப்பானியச் சித்திர எழுத்துகள் எந்தக் காட்சியிலிருந்து பிறந்தனவோ, அந்தக் காட்சியையே படமெடுத்து ஊர்க் கலைவிழாவில் மாட்டுவது என் திட்டம். பன்னிரண்டில் பதினொன்று முடிந்தது. மிச்சம் 'ஓய்வு'. அந்த எழுத்தில் இடப்பக்கம் ஓர் ஆள், வலப்பக்கம் ஒரு மரம். அவ்வளவுதான். இன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் சும்மா இருக்கும் ஆளைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. கோயில் மரத்தடியில் டோஃபு கடைக்காரர் குராதா சாய்ந்திருந்தார். கேமராவைக் கண்டதும் துள்ளி எழுந்து குனிந்து வணங்கினார்.

"மன்னிச்சுக்குங்க ஷிசுகா-சான்! ரெண்டே நிமிஷம்தான் சாஞ்சேன்!"

"சாயுங்கன்னுதானே கெஞ்சுறேன்!"

"ஐயையோ, ஊரே பாக்குற படத்துல நான் வேலை வெட்டி இல்லாம நிக்கவா?"

சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துச் சருகு கூட்டத் தொடங்கிவிட்டார்.

சொன்னால் கேட்காமல் கேமரா ஸ்டாண்டைச் சுமந்துவந்திருந்த என் கணவர் தோகுஜி சிரித்தார். மூன்று மாதத்துக்கு முன் இதயத்தில் அறுவை சிகிச்சை. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. மூடிய கண் திறக்காமலே போய்விடுமோ என்ற பயம். எனக்கும் அதே பயம்தான், காட்டிக்கொள்வதில்லை.

"நீங்களாவது சாயுங்களேன்," என்றேன்.

சாய்ந்தார், விறைப்பாக.

"இது ஓய்வா? வாத்தியார் முட்டி போடச் சொன்ன மாதிரி இருக்கு!"

"போடி, மரத்துல சாய எனக்கே பாடமா?"

எரிச்சலில் சோற்றுருண்டை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தலை தொங்கியிருந்தது. ஓடிப்போய் நெஞ்சைப் பார்த்தேன். ஏறியது, இறங்கியது. பிறகு ஒரு குறட்டை. அத்தனை சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆள், மரம், மாலை வெயில், எல்லாம் கச்சிதமாக இருந்தன. ஆனால் என் பழைய கேமரா கதவை அறைந்து சாத்துவதுபோல் சத்தம் போடும். லென்ஸ் மூடியைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு உருண்டையையும் நானே தின்றேன்.

குராதா பூனைபோல் வந்து குனிந்தார். "எடுங்க, வெளிச்சம் போகுது!"

"போகட்டும் குராதா-சான். பதினொன்னு போதும்," என்று கிசுகிசுத்தேன். "மூணு மாசத்துல இன்னைக்குத்தான் தூங்குறாரு."