மூங்கில் இலையின் முதுகு

என் கணவர் குனிஜிரோவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அவருடைய அக்கா இனேயிடமும் சொன்னார். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. எங்கள் கனசாவா ஊரில் அப்போது அதுதான் வழக்கம். தெரிந்தால் நோயாளிக்கு மனசு விட்டுப்போய்விடுமாம். வயிற்றைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து மூடிவிட்டு, அவரிடம் "புண்ணை எடுத்தாச்சு" என்றார்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

"மூஞ்சியை இப்படி வச்சிக்கிட்டு உள்ள போகாதே. கழுவிட்டுப் போ" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இனே அக்கா என்னை விரட்டினாள். விருந்து யோசனையும் அவளுடையதுதான்.

"சீக்கு தேறி வீட்டுக்கு வந்தா எல்லாரும் விருந்து வைப்பாங்க. நாம வைக்கலைன்னா அவனுக்குச் சந்தேகம் வரும். அவன் வேலை பாக்குற கடையிலேயே சொல்லி, நல்ல காரியத்துக்கு வைக்கிற சங்கரா மீன் சுட்டு வாங்கிடுவோம்."

"வேண்டாம்க்கா. அவருக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்காது."

"தின்னவா வைக்கிறோம்? நம்பத்தானே வைக்கிறோம்!"

அவர் அசானோ ஆற்றங்கரையில் ஒரு பெரிய உணவு விடுதியின் தலைமைச் சமையல்காரர். மனிதர்களின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் தட்டைப் பார்த்தால் எல்லாவற்றையும் படித்துவிடுவார். சமைத்ததன் உச்சியில் கடைசியாக வைக்கும் துளிரை அந்தத் தொழிலில் தென்மோரி என்பார்கள். வைத்த பிறகு இதில் யாரும் கைவைக்கவில்லை, இது உனக்கென்றே செய்தது என்று அதற்கு அர்த்தம். பக்கத்தில் துணைக்கு வைப்பது அஷிராய். அடியில் விரிக்கும் இலை காய்ஷிகி. சாப்பாடு எந்தக் காரியத்துக்கானது என்று அதுதான் சொல்லும். நல்ல காரியம் என்றால் இலையின் பளபளப்பான முகம் மேலே இருக்கும். சாவு வீடு என்றால் வெளிறிய முதுகு மேலே இருக்கும். இதெல்லாம் வெறும் அலங்காரம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தான்.

கல்யாணமான புதிதில் ஒருநாள், "நீ எனக்கு அஷிராய்டி" என்று கொஞ்சினார். "அப்ப மீன் நீங்களா? அதான் இந்த நாத்தம்" என்றேன். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி பிறகு சிரித்ததே இல்லை.

விருந்தன்று சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துவர இனே அக்காவே கடைக்குப் போனாள். அங்கே இரண்டாவது சமையல்காரர் மினேகிச்சி, "அண்ணன் எப்ப வேலைக்கு வருவார்?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு முகம் கழுவக் கற்றுக்கொடுத்த புண்ணியவதி அடுப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அப்போது மினேகிச்சி தட்டில் இலை வைத்துக்கொண்டிருந்தாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் என் கணவருக்கு எதிரில் உட்கார்ந்து நான்தான் பெட்டியின் மூடியைத் திறந்தேன். சிவப்புப் பயறு போட்ட சோறு. வேகவைத்த காய்கறிமேல் ஒரு துளிர். உப்புத் தடவிச் சுட்ட சங்கரா மீன், பக்கத்தில் இஞ்சித் தண்டு. மீனுக்கு அடியிலிருந்து மூங்கில் இலையின் இரண்டு முனைகளும் நீட்டிக்கொண்டிருந்தன. வெளிறிய முதுகு மேலே இருந்தது.

மினேகிச்சி கவனக்குறைவான ஆள் இல்லை. நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டதை அவர் கை செய்துவிட்டது. இனே அக்காவுக்கு இலை என்றால் வெறும் இலை. மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் தேநீர் போட உள்ளே போய்விட்டாள்.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாப்பாட்டுக் குச்சியால் மீனை ஒரு பக்கம் தூக்கி, இலையை மெல்ல உருவினார். புரட்டிப் போட்டு, பளபளப்பு மேலே வரும்படி மறுபடியும் மீனுக்கு அடியில் சொருகினார். சொருகி முடித்ததும் நான் பார்த்தேனா என்று நிமிர்ந்து பார்த்தார்.

நான் பார்க்காததுபோலக் குனிந்து சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்து, "ஆமாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. இலையை எனக்காகத்தான் திருப்பினார் என்று புரிந்துவிட்டது.

"ருசி எப்படிங்க?" என்றுதான் கேட்டேன்.

"மினேகிச்சி தேறிட்டான். நான் சொன்னேன்னு சொல்லு." ஒரு வாய் மென்று, கஷ்டப்பட்டு விழுங்கினார். "வர்ற வசந்தத்துல யாமானகா போய் வெந்நீர் ஊத்துல குளிச்சிட்டு வரலாமாடி?"

இத்தனை வருஷத்தில் என்னைக் கடைத்தெருவுக்குக்கூடக் கூட்டிப்போகாத மனிதர்.

"போலாமே. புதுக் கிமோனோ வாங்கித் தரணும்" என்றேன்.

"கிழவிக்குக் கிமோனோ கேக்குதா!"

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பொய்யர்கள் குடித்தனம் செய்தோம். வலியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். விடிந்ததும் "நல்லாத் தூங்கினேன்" என்பார். நானும் "முகம் தெளிஞ்சிருக்கு" என்பேன். ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தும் அவர் சாவுக்கு அவர் தனியாகப் பயந்தார், நான் தனியாகப் பயந்தேன்.

இலையுதிர்கால மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் வலுவே இல்லை.

"சுகா, உங்கிட்ட ஒண்ணு..."

இப்போது அந்த வார்த்தை வெளியே வந்துவிடும், வந்தால் தாங்கமாட்டேன் என்று தோன்றியது.

"பேசாதீங்க, களைப்பாயிடும். நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன்.

"சரிடி. நாளைக்கு" என்றார்.

விடியுமுன் போய்விட்டார்.

எரித்து எலும்பு பொறுக்கித் திரும்பும்போது இனே அக்கா என் தோளைத் தட்டினாள். "கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டே. நல்லா நடிச்சேம்மா. நிம்மதியாப் போய்ச் சேந்தான்."

அவளை அறையலாம் போலிருந்தது. "ஆமாக்கா" என்றேன். அவர் என்ன சொல்ல வாயெடுத்தார் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை.