அப்போது அதற்குப் பெயர் திமிர்

பத்து வரி பார்த்தெழுத வேண்டும். ஒரு மணி நேரத்தில் மகள் எழுதியது மூன்று வரி. நடுவே தண்ணீர் குடிக்கப் போய்க் குழாயை மூடாமல் வந்தாள். பென்சிலைத் தேடப் போனவள் ஜன்னலில் ஏறி எறும்புகளை எண்ணிக்கொண்டு நின்றாள். தையல் மெஷினிலிருந்து எழுந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. துணி அளக்கும் மர ஸ்கேலை ஓங்கினாள்.

அடி விழும் முன்பே அந்த எட்டு வயதுக்காரி இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள். "இனிமே பண்ண மாட்டேம்மா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் கண்ணுக்குக் குனிந்திருந்தது மகள் இல்லை, தன் அண்ணன்.

சின்ன வயதில் அண்ணனும் ஓரிடத்தில் உட்கார மாட்டான். வீட்டில் அவனுக்குப் பெயரே பம்பரம். அப்பா பெல்ட்டால் அடித்தார், ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டார். பதினைந்து வயதில், ஒரு மத்தியானம், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியே போனான். இருபத்திரண்டு வருடமாகிறது, திரும்பவே இல்லை. இன்றும் பஸ்ஸில் எவனாவது ஓயாமல் காலை ஆட்டினால் அண்ணனோ என்று திரும்புவாள். இறங்கும்வரை அந்த முகத்தையே பார்ப்பாள்.

குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொல்லி டீச்சர் எழுதிக் கொடுத்த சீட்டை, 'பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க' என்று பயந்து இரண்டு மாதமாக ஒளித்து வைத்திருந்தாள். மறுநாளே எடுத்துக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. கண், காது, தூக்கம் எல்லாம் பார்த்தார்; டீச்சரிடமும் விசாரித்தார். மூன்றாவது முறை போனபோதுதான் சொன்னார்:

"இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. சோம்பேறித்தனமும் இல்ல, கொழுப்பும் இல்ல. கவனத்தை ஒரு இடத்துல நிறுத்தறது இவ மூளைக்குக் கஷ்டம். பழக்கலாம், தேவைப்பட்டா மருந்தும் இருக்கு. குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

"எங்க அண்ணனுக்கு, டாக்டர். அப்போ அதுக்குப் பேரு திமிரு."

பத்து வரியை இரண்டிரண்டாகப் பிரித்தார்கள். வகுப்பில் முதல் பெஞ்சு. பிறகு மருந்தும் தொடங்கியது. நான்கு மாதத்தில் மகள் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். குழாய் மட்டும் சில நாள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்திருந்தார். பேத்தி நாற்காலிக்கும் கதவுக்குமாக ஓடுவதைப் பார்த்து, "அடியாத மாடு படியாதும்மா. ரெண்டு போடு" என்றார்.

"போட்டீங்களேப்பா. படிஞ்சானா? போயிட்டான். குழந்தை அடங்கலன்னா கை ஓங்கக் கூடாது, என்ன ஏதுன்னு டாக்டர்கிட்ட காட்டணும். அடி வைத்தியம் இல்லப்பா."

கிழவர் வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்போ... அவன் வேணும்னு பண்ணலையா?"

"இல்லப்பா. ஒருநாள்கூட இல்ல."