சுயம்பு கம்பைல் செய்த நாள்

அக்காவின் கடையில் அவனை எல்லோரும் சுயம்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அக்காவின் கணவர், அதாவது மாமா, கடுப்பில் வைத்தது. அலமாரி வாங்கி வா என்று அனுப்பினால் பலகையும் ஆணியும் வாங்கி வருகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? ரெடிமேட் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் முகம் சுருங்கும். கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்தக் குணம் முற்றிப்போய்விட்டிருந்தது. ஊரெல்லாம் ஒரு பட்டனை அழுத்தி இறக்கிக்கொள்ளும் மென்பொருளை அவன் அப்படித் தொடவே மாட்டான். அதை எழுதிய புண்ணியவான்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருக்கும் சோர்ஸ் கோடு என்கிற மூல வரிகளைக் கொண்டுவந்து, வரிவரியாக மேய்ந்து, தன் கையாலேயே கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரிகிற வடிவமாக்கி, ஓடவிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

கடை, ஸ்டிக்கர் எழுத்து வெட்டுகிற கடை. முன்னறையில் நீளமான மேஜை, ரோல் ரோலாக வண்ணத்தாள். உள்ளறையில் தாளைக் கத்தியால் வெட்டும் மெஷின், அதை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர், அதன்முன் ஒரு சுழல் நாற்காலி. ஆபீஸ் வேலையை உதறிவிட்டு வந்து நின்ற தம்பிக்கு அக்கா கொடுத்த இடம் அந்த நாற்காலி. அதில் உட்கார்ந்தால் அவன் ராஜா. எழுந்தால் மாமாவின் பேச்சைக் கேட்க வேண்டும்.

மாமாவுக்கு வெளிவேலை. ஆர்டர் பிடிக்கிறேன் என்று கிளம்பி, காபிக் கடையில் நாலு பேரைப் பிடித்துவைத்துப் பேசிவிட்டு வருவார். கம்ப்யூட்டர் பக்கம் கை நீட்டமாட்டார். "எனக்கு மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாதுப்பா" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அன்று காலை மெஷினின் பழைய மென்பொருள், உரிமம் முடிந்துவிட்டது என்று சொல்லித் திறக்க மறுத்தது. அக்கா தலையில் கை வைத்தாள். புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கதவு எழுத்துகள் அத்தனையும் அன்று சாயங்காலத்துக்குள் வேண்டும். எடுத்துப்போக வண்டி வந்துவிடும். சுயம்புவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ஒருவரையும் கேட்காமல் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்தெறிந்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டான்.

மாமா உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தா பாரு, வண்டி வர்றதுக்குள்ள மெஷின் ஓடணும். ஓடலேன்னா நாளைலேருந்து அந்த நாற்காலி என் தம்பி மகனுக்கு. நீ ஏணியைத் தூக்கிட்டு எழுத்து ஒட்டப் போ."

அக்கா மறுத்துப் பேசுவாள் என்று சுயம்பு காத்திருந்தான். அவள் தம்பியைப் பார்த்தாள், துடைத்து வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சரி" என்றாள். அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். எழுத்து வெட்டும் திறந்த மென்பொருள் ஒன்றின் சோர்ஸை இறக்கினான். கம்பைல் செய்யச் சொன்னான். லைப்ரரி என்கிற துணை மென்பொருள் ஒன்று இல்லை என்றது கம்ப்யூட்டர். அதைக் கொண்டுவந்தால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது. அந்த இன்னொன்று, நீ வைத்திருக்கும் மூன்றாவது ரொம்பப் புதுசு, எனக்கு ஆகாது என்று முறுக்கிக்கொண்டது. ஒரு வீட்டில் பெண் கேட்கப் போய், அவர்களுடைய சொந்தபந்தம் அத்தனை பேரையும் தனித்தனியாகச் சமாதானம் செய்கிறவன் மாதிரி சுயம்பு அலைந்தான்.

"முடிஞ்சுதாடா?" முன்னறையிலிருந்து அக்கா.

"இதோக்கா, ஆச்சு!"

ஆகவில்லை. திரை முழுக்கச் சிவப்பாக எர்ரர் கொட்டியது. அதே எர்ரரில் மாட்டிக்கொண்ட ஒருவர் இணையத்தில் புலம்பியிருந்ததைக் கண்டுபிடித்து ஆவலாகப் படித்தான். கீழே அவரே, 'சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த முகம் தெரியாத மகராசனைச் சுயம்பு வாய்விட்டே திட்டினான்.

"முடிஞ்சுதா?" மறுபடியும் அக்கா.

"கிட்ட வந்துட்டேன்!"

எர்ரரை ஒவ்வொன்றாக அடக்கி, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருவழியாகக் கம்பைல் ஓடத் தொடங்கியது. வரிகள் சரசரவென்று மேலே ஏறின. முடிய நேரமாகும். அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்து, "ஒரு வாய் சாப்பிட்டுட்டு வா, அது எங்கயும் ஓடிப்போகாது" என்று வீட்டுக்கு அனுப்பினாள். அவன் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கம்பைல் முடிந்து, கர்சர் அமைதியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பரபரவென்று இன்ஸ்டால் செய்தான். மென்பொருளின் பெயரை அடித்து என்டரைத் தட்டினான்.

திறந்தது. மெஷின் ஒரு முனகல் முனகி, கத்தியை இறக்கி, 'எக்ஸ்ரே' என்று அழகாக வெட்டியது.

"அக்கா!" என்று அவன் போட்ட கூச்சலில் அக்கா ஓடிவந்தாள். வெட்டிய தாளைத் தடவிப் பார்த்து, தம்பியின் தலையையும் ஒரு தடவு தடவினாள். மாமா எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, ஓட்டிட்டானே" என்றார். மாமா வாயிலிருந்து பரவாயில்லை வந்ததே பெரிய விஷயம். சுயம்புவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் 'குழந்தைகள் பிரிவு' வரைக்கும்தான் நீடித்தது. பெரிய எழுத்துகள் நன்றாகவே வந்தன. சுழி உள்ள சின்ன எழுத்துகளில்தான் வம்பு. கத்தி சுற்றி வந்து புறப்பட்ட இடத்தைத் தொட வேண்டும். மயிரிழைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. சுற்றியுள்ள வேண்டாத தாளை உரித்தால் 'ழ'வின் வால் பிய்ந்து கையோடு வந்தது.

"என்னடா இது, குழந்தைகளுக்கு வாலைக் காணோம்?" என்றாள் அக்கா.

சுயம்பு கவலைப்படவில்லை. சொல்லப்போனால் நாக்கில் எச்சில் ஊறியது. சோர்ஸ் கையில் இருக்கிறதே, இதற்குத்தானே இத்தனை பாடு! கத்தி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லும் வரியைக் கண்டுபிடித்து, இன்னும் கொஞ்சம் தாண்டிப் போ என்று திருத்தினான். கம்பைல், இன்ஸ்டால், ஓட்டம். வால் பிய்ந்தது. இன்னும் அதிகம் தாண்டச் சொன்னான். பிய்ந்தது. எழுத்தை இரண்டு சுற்று சுற்றச் சொன்னான். மெஷின் சமர்த்தாக ஒரே சுற்று சுற்றிவிட்டு நின்றது.

சரி, என் பேச்சு இதன் காதில் விழுகிறதா என்றே பார்ப்போம் என்று, திறக்கும்போது 'வணக்கம்' சொல்லும்படி ஒரு வரி சேர்த்தான். மென்பொருள் வணக்கம் சொல்லவில்லை. கோபத்தில், திறந்தவுடனே செத்துப்போ என்று எழுதிக் கம்பைல் செய்தான். அது சாகவில்லை. சிரித்த முகமாகத் திறந்துகொண்டு, அடுத்து எதை வெட்டட்டும் என்று கேட்கிற மாதிரி நின்றது.

சுயம்புவுக்கு வேர்த்துவிட்டது. தான் கொன்ற ஆள் எதிரே உட்கார்ந்து காபி கேட்டால் எப்படியிருக்கும்? பயம் அடங்கியதும்தான் புத்தி வேலை செய்தது. இப்போது ஓடுகிற மென்பொருள் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரையே கேட்டான். அது காட்டிய இடம் அவன் வைத்த இடமே இல்லை.

அவன் வழக்கம், தான் கம்பைல் செய்வதையெல்லாம் தன் சொந்த ஃபோல்டரில் வைப்பது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கம்ப்யூட்டர் தனக்குப் பழகிய இடங்களில்தான் தேடும். இங்கேயும் தேடு என்று ஒரு வரி எழுதிக் காட்ட வேண்டும். அவசரத்தில் அதை மறந்திருந்தான். அவனுடைய மென்பொருள் மட்டும்தான் இருந்திருந்தால், அப்படி ஒன்று இல்லையே என்று கம்ப்யூட்டர் சொல்லியிருக்கும்; தலையில் தட்டிக்கொண்டு உடனே சரிசெய்திருப்பான். ஆனால் பழகிய இடத்தில் அதே பெயரில் வேறொன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. ரெடிமேட்! யாரோ ஒரே கட்டளையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். எப்போது என்று பார்த்தான். அவன் சாப்பிடப் போயிருந்தபோது.

பாஸ்வேர்டு தெரிவது பெரிய காரியமில்லை. அதை அடிக்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பது அவன் பழக்கம். கடைக்கு வந்துபோகும் பூனைக்குக்கூடத் தெரியும். அக்கா அந்நேரம் முன்னறையில் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அப்படியானால்...

மாமா மூலையில் உட்கார்ந்து எழுத்து உரித்துக்கொண்டு சீட்டியடித்துக்கொண்டிருந்தார். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்கு வெளிவேலைக்குப் போகவில்லை.

சுயம்பு அவர் பக்கத்தில் குந்தினான். "மாமா, மவுஸ் பிடிக்கத் தெரியாம எப்படி மாமா இன்ஸ்டால் பண்ணீங்க?"

சீட்டி நின்றது. "அதுக்கு மவுஸ் எதுக்குடா? கீபோர்டு போதுமே" என்றவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மாமா!"

"சத்தம் போடாத. உங்கக்காவுக்குக் கேட்டுடும். கல்யாணத்துக்கு முன்னாடி நான் கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். அது அவளுக்குத் தெரிஞ்சா, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த நாற்காலியில என்னைக் கட்டிப் போட்டுருவா. எனக்கு வெளிக்காத்து வேணும்டா."

"அப்ப நான் தோத்தா உங்களுக்கு நல்லதுதானே? உங்க தம்பி மகன் வருவானே?"

"அவன் எங்க வர்றான்! பத்து மணிக்குப் போன் பண்ணேன், வேற வேலை கிடைச்சிருச்சுங்கறான். நீ தோத்தா அவ யாரைப் பார்ப்பா? என்னைத்தான். அதான் நீ அந்தப் பக்கம் போனதும் போட்டுவிட்டேன். நீ ஜெயிச்ச மாதிரியும் ஆச்சு, நான் தப்பிச்ச மாதிரியும் ஆச்சு. வாயைத் திறக்காம இருந்தா நாற்காலி உனக்கு, காபிக் கடை எனக்கு. என்ன சொல்ற?"

சுயம்பு தலையை ஆட்டினான். வேறென்ன செய்வான்? உள்ளே போய்த் தன் மென்பொருளில் போட்ட சாவு வரியை எடுத்தான். இரண்டு சுற்றையும் பழையபடி ஒன்றாக்கினான். மறந்துபோன அந்த ஒரு வரியை எழுதினான். ஓட்டினான். வணக்கம் என்றது திரை. கத்தி சுற்றி வந்து, புறப்பட்ட இடத்தைத் தொட்டு, ஒரு துளி தாண்டி நின்றது. உரித்துப் பார்த்தால் 'ழ' வாலோடும் சுழியோடும் முழுசாக நின்றது. அவன் மத்தியானமே ஜெயித்திருந்தான்! அவன் பெற்றது நல்லபடியாகத்தான் பிறந்திருந்தது; மாமாவின் உதவிதான் அதைக் கண்ணில் படாமல் மறைத்திருந்தது. சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

மிச்ச எழுத்துகள் மளமளவென்று வெட்டுப்பட்டன. வண்டி வருவதற்குள் எல்லாம் கட்டாகி மேஜைமேல் ஏறிவிட்டன. மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா முதலில் பிய்ந்த 'ழ'வை ஒரு கையிலும் முழு 'ழ'வை மறு கையிலும் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏன்டா, இவ்வளவு நேரம் பிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, இப்ப எப்படிடா சரியாச்சு?"

"அது... ஆயிடுச்சுக்கா."

"ஆயிடுச்சுன்னா? நிஜமா தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன். எதுல தப்பு இருந்துச்சு?" அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டாள்.

வாசலில் மாமா, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். சுயம்பு பல்லைக் கடித்தான். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். லைப்ரரி, ஃபோல்டர், சாகாத மென்பொருள் எல்லாம் நெஞ்சுக்குள் முண்டியடித்தன. அக்கா முகத்தை நிமிர்த்தி, பதிலுக்காக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, விஷயம் என்னன்னா," என்று ஆரம்பித்தான். பிறகு அவனை நிறுத்த ஆளில்லை. முதல் எர்ரரிலிருந்து தொடங்கி, வணக்கம் சொல்லாத மென்பொருள் வரைக்கும் வந்து, ரெடிமேட் எங்கே இருந்தது, எப்போது வந்தது, யார் கையால் வந்தது என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டு, மூச்சு வாங்கினான்.

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "மவுஸ் பிடிக்கத் தெரியாதா?" என்றாள்.

மாமா ஒரு காலில் செருப்போடு நின்றார்.

"வாங்க. வந்து உக்காருங்க. ஒரே ஒரு எழுத்து வெட்டிக் காட்டுங்க."

சுயம்பு எழுந்து இடம் விட்டான். மாமா உட்கார்ந்தார். பத்து விரலும் கீபோர்டில் படபடவென்று ஓடின. கத்தி இறங்கி வெட்டியது. இத்தனை வருஷமாகப் புருஷனுக்குச் சேர்த்துத் தானே பில் அடித்த அக்கா, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைலேருந்து நீங்கதான்" என்றாள். "இவன் முதல்ல ஏணியைத் தூக்கட்டும். கேக்காம கம்ப்யூட்டரைத் துடைச்சதுக்கு."

வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். சுயம்பு எழுத்துக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியைத் தோளில் ஏற்றினான். அது நிஜமாகவே கனத்தது. நாற்காலி போனதும் நிஜமாகவே வலித்தது.

உள்ளறை வாசலைத் தாண்டும்போது, கத்தி ஓடும் சத்தத்துக்கு நடுவே மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்:

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போமேடா. ஏன்டா சொன்ன?"

"என்ன மாமா பண்றது," என்றான் சுயம்பு. "நான் இங்க வந்த நாள்லேருந்து எல்லாரும் முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னுதான் கேட்டீங்க. இன்னைக்குத்தான் ஒருத்தி எப்படின்னு கேட்டா."